மொட்டு வைக்காத சாமந்தி

எங்கள் நாற்றுப் பண்ணையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் செல்போனைப் பூவுக்கு நேரே பிடிக்கிறார்கள். போன் பூவின் பெயரைச் சொல்லிவிடுகிறது. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது ரேவதி என்கிற பெண் பாத்தி பாத்தியாகப் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பெரிம்மா, எல்லாத்துக்கும் டெய்சி டெய்சின்னே காட்டுது. இன்னா பண்றது?"

போன் சொன்னது பொய்யில்லை. சாமந்தி, ஜெர்பரா, ஜீனியா, கில்லார்டியா, காஸ்மாஸ் எல்லாம் ஒரே குடும்பம்தான். நடுவில் பொத்தான், சுற்றிலும் இதழ். பார்க்கிறவர்கள் டெய்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் நாற்று வாங்க வருகிறவர்கள் பூவைப் பார்த்து வாங்குவதில்லை. பூ வந்த செடியை யார் பிடுங்கி நடுவார்கள்? இலையைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதனால் இலையிலேயே சொல்லத் தெரிய வேண்டும். ரேவதியின் போன் இலைக்கும் சொல்கிறது. சில சமயம் சரியாகச் சொல்கிறது, சில சமயம் சாமந்தியைப் பார்த்தீனியக் களை என்கிறது.

"உங்களுக்குத் தெரிஞ்சத எழுதித் தாங்களேன், நம்ம பண்ணை மலர் புத்தகத்துல போடலாம்" என்று கேட்டாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் ரேவதி திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் பண்ணை கோமுகி அணைக்குப் போகிற வழியில், மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் களை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு நீர் தெளிப்பது, பை நிரப்புவது, கடைசியில் தாய்ச்செடிப் பாத்தி. ஓய்வு பெறும் வரைக்கும் தாய்ச்செடிப் பாத்திதான். அங்கேயிருந்துதான் நுனி கிள்ளி நாற்று உண்டாக்குவோம். அந்தப் பாத்தி கலந்து போனால் பண்ணையே கலந்து போனது போலத்தான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் தமிழரசி மேடம். தோட்டக்கலை படித்தவர், சேலத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் கூலிக்கு வந்த எங்கள் எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். பாத்திக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஒரு செடி வாடி இருக்கிறது என்று சொன்னால் ஓடி வந்து தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். பிறகு எங்களிடம் கேட்பார், "என்ன பார்த்தீங்க?" 

"பூஞ்சை வந்துடுச்சுங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். 

"அது நீங்க நினைச்சது. பார்த்ததைச் சொல்லுங்க." 

"கீழ் இலை மஞ்சளா இருக்குது. தண்டு கருப்பா இருக்குது." 

"ம். இப்ப சரி." 

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே எல்லோரும் ஒழுங்காகப் பார்த்தோம்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் எங்களை உட்கார வைத்து ஒரு மஞ்சள் சாமந்தியைக் கையில் எடுத்தார். கட்டை விரல் நகத்தால் இரண்டாகப் பிளந்தார்.

"இதுல எத்தனை பூ இருக்கு?"

என்னோடு சேர்ந்தவள் காவேரி. வாய் ஜாஸ்தி அவளுக்கு. "ஒண்ணு இருந்துச்சுங்க. நீங்க பிச்சுட்டீங்க, இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நாம் இதழ் என்று சொல்கிற ஒவ்வொன்றும் ஒரு பூ. அடியில் அதற்கென்று சூல் இருக்கிறது. நடுப் பொத்தானில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூ. அத்தனையும் ஒரு தட்டில் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. மொட்டாக இருக்கும்போதே அத்தனையும் உள்ளே அடுக்கி வைத்தபடி இருக்கும் என்றார். பிறந்ததிலிருந்து தலையில் வைத்த பூ. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இலைக்கு வருகிறேன். ரேவதி கேட்டது அதுதான்.

சாமந்தி இலை ஆழமாக வெட்டு விழுந்து இருக்கும். அடிப்பக்கம் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கசக்கி மோந்தால் சாமந்தி வாசம் இலையிலேயே வரும். இளசாக இருக்கும்போது பார்த்தீனியமும் இப்படித்தான் வெட்டு இலையோடு இருக்கும். ஆனால் அந்த வாசம் அதற்கு வராது. பார்த்தீனியத்தைக் கசக்காமல் இருப்பதே நல்லது, சிலருக்குக் கை அரிக்கும். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருக்கிற, நமக்குத் தெரிந்த சாமந்தியோடு வைத்துப் பாருங்கள்.

ஜீனியாவுக்கு இலை எதிரெதிரே ஜோடியாக, காம்பே இல்லாமல் தண்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. காஸ்மாஸ் நூல் நூலாக இருக்கும். கில்லார்டியா இலையில் ரோமம். அது மணல் காட்டிலும் வரும், தண்ணீர் ஜாஸ்தியானால்தான் சாகும். துலுக்க சாமந்தி, செண்டுமல்லி என்கிறோமே, அதற்கு இலை சீப்பு மாதிரி. வாசத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஜெர்பராவுக்குத் தண்டு வெளியே தெரியாது. இலை எல்லாம் தரையிலிருந்து வரும், அடியில் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். அதை நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாக நட்டால் செடி நன்றாக நிற்குமே என்று அன்போடு அமுக்குவார்கள். அமுக்கினால் அழுகும்.

வெள்ளை டெய்சி என்று தனியாக ஒன்று உண்டு. கரும்பச்சை இலை, வழவழப்பு, ஓரத்தில் பல். வெள்ளிமலையில் பண்ணைக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே அது புதர் புதராக வரும். மழை விட்டதும் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார் மேடம். புதரைத் தோண்டி, வேரோடு பிரித்துப் பிரித்து நட்டு வருவோம். ஒரு தடவை கீழே கொண்டுவந்து பண்ணையிலும் வைத்தோம். சித்திரை வெயிலில் வாடியது, ஐப்பசி மழையில் மிச்சமும் அழுகியது. மேடம் யாரையும் குறை சொல்லவில்லை. "மலைக்கு மேல இருக்குறது மலைக்கு மேல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பாத்தியில் கில்லார்டியா போடச் சொன்னார்.

நுனி எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டு வைக்காத கிளையில், இரண்டு விரல் நீளத்துக்கு, கணுவுக்கு சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வேர்ப்பொடியில் தொட்டு, ஈர மணலில் குத்த வேண்டும். வெயில் படக்கூடாது, காற்று படலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். செடி நம் கையை இழுத்தால் வேர் விட்டிருக்கிறது, வந்துவிட்டால் விடவில்லை. கையோடு வந்ததை மறுபடி குத்தினால் பிழைக்காது, எறிந்துவிடுங்கள். ஆசைப்பட்டு வைத்திருக்காதீர்கள்.

இனி அலமேலுவின் சாமந்தி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அலமேலுவுக்கு வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையை ஒட்டிக் குத்தகை நிலம். அவள் புருஷன் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போனால் சர்க்கரை ஆலையில் அரவை நிற்கும் வரைக்கும் திரும்ப மாட்டான். நிலம் முழுக்க அவள் பாடுதான். முந்தின வருஷம் மக்காச்சோளம் போட்டாள். காட்டுப் பன்றி இறங்கி ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போய்விட்டது. நிலத்துக்காரர் கள்ளக்குறிச்சியில் இருக்கிறவர். "இந்தத் தைக்குள்ள ஒரு வெள்ளாமை கண்ணுல காட்டு. இல்லன்னா நானே கரும்பு வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பூவைப் பன்றி தின்னாது என்று யாரோ சொன்னார்கள். அவள் எங்களிடம் வந்து நாட்டு மஞ்சள் சாமந்தி நாற்று வாங்கிக்கொண்டு போய் ஆடியில் நட்டாள். என் பாத்தியில் எடுத்த நுனிதான் எல்லாம்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு காலையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். செடி அவள் இடுப்புக்கு இருந்தது. நல்ல பச்சை. ஒரு மொட்டு இல்லை.

"இதுக்குப் பேரு சாமந்தியா, கீரையா? சொல்லுங்க, கீரைன்னா கடைஞ்சாவது துன்னுட்டுப் போறேன்."

காவேரி முன்னால் போனாள். "கத்தாதம்மா. இன்னா ஆச்சு?"

"இன்னா ஆகணும்? சின்னசேலத்துல உங்ககிட்ட வாங்குனவங்க பூ அறுத்து சேலத்துக்கு ஏத்திக்கினு இருக்காங்க. எனக்கு மட்டும் மலட்டுச் செடியாப் பொறுக்கிக் குடுத்துட்டீங்க."

நான் நிழல்வலைக்கு உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை. அவள் கையில் இருந்தது என் பாத்திச் செடிதான் என்று தூரத்திலேயே தெரிந்தது. அதைப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. காவேரி திரும்பிப் பார்த்து, "தோ, நாத்துக்குச் சொந்தக்காரி உள்ள நிக்கிறா. அவ வாயத் தொறக்கணும்னா முகூர்த்தம் பாக்கணும்" என்றாள்.

மேடம் வந்தார். செடியை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தாய்ச்செடியிலிருந்து ஒரு கிளை கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். வெட்டு ஒன்றுதான், அடிப்பக்கம் ஒன்றுதான், வாசம் ஒன்றுதான். நாங்கள் கிள்ளிக்கொண்டே இருக்கும் தாய்ச்செடியிலேயே மிளகு அளவு மொட்டு இருந்தது. அலமேலு செடியில் இல்லை.

"இலை ஒன்னா இருக்கு" என்றார் மேடம். "ஆனா நாட்டு மஞ்சளுக்கும் பின்னால பூக்குற ரகத்துக்கும் இலையில பெரிய வித்தியாசம் தெரியாது. பாத்தி கலந்திருந்தா இந்த வருஷம் தாய்ச்செடி எல்லாத்தையும் எடுத்துட்டு வெள்ளிமலை நிலத்துல இருந்து புதுச் செடி கொண்டுவந்துதான் மறுபடி ஆரம்பிக்கணும். வயலைப் பார்த்துட்டுப் பேசலாம்."

கலந்திருந்தால் அலமேலுவுக்குத் தைக்குள் பூ கிடையாது, நிலமும் கிடையாது. அது எல்லோருக்கும் புரிந்தது.

மேடம், காவேரி, நான், மூன்று பேரும் அலமேலுவையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போனோம். போய்ச் சேரும்போது உச்சி வெயில். வயல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. களை இல்லை, பூச்சி இல்லை. அவள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலிக்கு வெளியே ஊர் ஆட்கள் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் எங்களிடம், "ஆளுக்கு ஒரு பக்கமா வரிசை வரிசையா நடங்க. பார்த்ததை வந்து சொல்லுங்க. காரணம் சொல்ல வேண்டாம்" என்றார்.

நான் மலைப் பக்கமாக நடந்தேன். பச்சை, பச்சை, பச்சை. கடைசியில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு நாய் கட்டியிருந்தது. நாய்க்குப் பயந்து ஒதுங்கி நின்றபோதுதான் காலடியில் இருந்த செடியைப் பார்த்தேன். மொட்டு. பக்கத்துச் செடியிலும் மொட்டு. கொட்டகைச் சுவரை ஒட்டி ஒடுக்கமாக ஆரம்பித்து, போகப் போக முறம் விரிந்த மாதிரி அகலமாகி, வேலி வரைக்கும் மொட்டு வைத்த செடிகள். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. கோடு போட்டது போல நின்றுவிட்டது.

திரும்பி வந்தேன். ஆட்கள் நிற்கிறார்களே என்று மேடம் காதோரம் போய்ச் சொன்னேன்.

"கொட்டாய்க்குப் பின்னால மொட்டு இருக்குதுங்க. முறம் மாதிரி."

மேடம் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நடந்தார். மொட்டுகளைப் பார்த்தார். முறத்தின் ஒடுங்கின பக்கத்தில், கொட்டகைச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு நின்றார். "பூங்காவனம், நீங்களும் வந்து இங்க நில்லுங்க. வயல்ல மத்த இடத்துல நின்னா தெரியுது, இங்க நின்னா தெரியல, அது எது?"

நான் பார்த்துச் சொன்னேன். "ரோடு தெரியல. புளிய மரம் தெரியல. வயல் நடுவுல இருக்குற கம்பம் தெரியல. பல்பு ஒண்ணுகூடத் தெரியல."

"பல்பா?" 

அப்போதுதான் மேடம் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து மேலே பார்த்தார். வயல் நடுவே கம்பம் நட்டு ஒன்று, ரோட்டோரமாக வரிசையாகக் கம்பியில் நாலைந்து. அவற்றை நாங்கள் வரும்போதே பார்த்தோம், ஆனால் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மலையடி வயல்களில் பன்றிக்காகப் பல்பு தொங்குவது மரத்தில் காய் தொங்குவது மாதிரி. மரவள்ளிக்கும் தொங்கும், சோளத்துக்கும் தொங்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கொட்டகை மூலையில் நாய் இருந்ததால் அங்கே அலமேலு பல்பு போடவில்லை.

"எப்பல இருந்து எரியுது இது?"

"நட்டதுல இருந்துங்க மேடம். பொழுது சாஞ்சா போடுவேன், விடிஞ்சாதான் நிறுத்துவேன். பன்னி பூவத் துன்னாது, ஆனா ஈரத்துல புழு தேடி நோண்டிப் போட்டுடும். போன வருசம் போனது போதும்னு ஒரு ராத்திரி தவறாம போட்டேன்."

மேடம் பல்பையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார், "சாமந்தி ராத்திரியை வச்சுத்தான் மாசம் கணக்குப் பண்ணும் அலமேலு. ராத்திரி நீளமாச்சுன்னா, சரி, மொட்டு வைக்கிற காலம் வந்துடுச்சுன்னு வைக்கும். கொட்டாய் நிழல்ல நின்னதுக்கு மட்டும் ராத்திரி வந்துச்சு, மத்ததுக்கு நீங்க ராத்திரியே வர விடல. அது இன்னும் ஆடி மாசத்துலதான் நிக்குது. படிச்சிருக்கேன். வயல்ல இப்பதான் பார்க்கிறேன்."

அலமேலு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் காவல் காத்தது அதுக்கு ஆவல, அதானே?" 

"செடியில தப்பு இல்ல. பாத்தியும் கலக்கல. இன்னையில இருந்து விளக்கை அணைச்சா மொட்டு வரும்."

"வெளக்க அணைச்சா பன்னி வரும். போட்டா பூ வராது. நீங்களே சொல்லுங்க மேடம், நான் எத வரச் சொல்லட்டும்?"

 மேடத்தின் படிப்பில் பன்றி வரவில்லை போலிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர்தான் சொன்னார், "வேலியில புடவை கட்டும்மா. எங்க வூட்டு வேர்க்கடலைக்குக் கட்டுறோம். மனுச வாடை அடிச்சா அது கிட்ட வராது. சலூன்ல போய் முடி வாங்கியாந்து வரப்புல தூவு."

"வயல் முழுக்கச் சுத்திக் கட்டுறதுக்கு நான் இன்னா புடவக் கடையா வச்சிருக்கேன்?" என்றாள் அலமேலு.

காவேரி அன்றைக்கு மாலையே பண்ணைப் பெண்கள் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டினாள். பழைய புடவை, கிழிந்த புடவை, எதுவானாலும். அந்தப் பெரியவர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். துவைத்த புடவை உதவாது. சோப்பு வாடைக்குப் பன்றி பயப்படாது. கட்டிக் கழித்த புடவையாக, கழித்தபடியே இருக்க வேண்டும்.

எனக்கு அது பெரிய சங்கடம். என் பழுப்புப் புடவை ஒன்று இருந்தது, பாத்தி வேலைக்கென்றே கட்டுவது. ஊரில் எல்லோருக்கும் அந்தப் புடவையைத் தெரியும். துவைக்காத புடவையை ரோட்டோரம் கட்டிவைத்தால் கச்சிராயபாளையம் பஸ்ஸில் போகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். "மலைப் பக்கமாக் கட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு கொடுத்தேன். காவேரி சரி சரி என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் போய்ப் பார்த்தால் ரோட்டோரம், வாசலுக்குப் பக்கத்தில், முதல் ஆளாக என் புடவைதான் ஆடிக்கொண்டிருந்தது.

"மலைப் பக்கம் பன்னிதான் பாக்கும். இங்கன்னா பஸ்ஸே பாக்கும்" என்றாள் காவேரி. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை, அதுதான் வருத்தம்.

பன்றி ஒரு தடவை வரத்தான் செய்தது. ஒரு ஓரத்தில் நாலைந்து வரிசையை நோண்டிப் போட்டுவிட்டு, காவேரியின் பச்சைப் புடவையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. "கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போயிருக்கும்" என்றாள். வேறு ஒரு பழைய புடவையை அந்த இடத்தில் கட்டினாள். அதோடு சரி. விளக்கை அலமேலு போடவே இல்லை. இருட்டில் அவள் எப்படி மனதைக் கட்டுப்படுத்தினாள் என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகை கடைசியில் வயல் முழுக்க மிளகு மிளகாக மொட்டு வந்தது. மார்கழியில் மெல்லப் பருத்தது. ஆனால் செடிக்கு அவசரம் இல்லை, நமக்குத்தான் அவசரம். பொங்கலுக்கு ஒரு பூகூட விரியவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு நிலத்துக்காரர் வந்துவிட்டார். மேடம் பொங்கலுக்கு சேலம் போயிருந்தார். காவேரி தன் அம்மா வீட்டில் இருந்தாள். அலமேலு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"யக்கா, வா. ஐயா வந்து நிக்கிறாரு. தை பொறந்துடுச்சு, பூ எங்கன்னு கேக்கறாரு. வந்து ஒரு வார்த்த சொல்லு."

"நான் இன்னா சொல்லுவேன்? எனக்குப் பேச வராதே."

"பேச வராட்டி நில்லு. பண்ணையில இருந்து ஆள் வந்து நின்னுச்சுன்னாவது இருக்கும்."

போனேன். நிலத்துக்காரர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கரும்பு என்றால் ஆலைக்குப் பதிந்துவிட்டு வீட்டில் இருக்கலாம், அவருக்கு அது நிம்மதி. வெள்ளை வேட்டியில் வரப்பில் நின்றுகொண்டு வேலிப் புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, துணி காயப் போட்டிருக்கியா, வெள்ளாமை பண்றியா?"

அலமேலு என்னைப் பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார். "நீதான் நாத்து குடுத்தவளா? எப்ப பூக்கும் இது?"

எட்டு நாளில் பூக்கும் என்று சொல்லலாம். பூக்காமல் போனால்? நினைத்ததைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல் என்று கேட்டுக் கேட்டே பழகிவிட்டது. தேதியை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த செடியில் ஒரு மொட்டைக் கிள்ளினேன். சுண்டைக்காய் அளவுகூட இல்லை. கட்டை விரல் நகத்தை வைத்துப் பிளந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

வெளியே பச்சை. உள்ளே மஞ்சள். அத்தனை பூவும் பல் முளைத்த மாதிரி அடுக்கி இருந்தது.

"எப்பன்னு தெரியாதுங்க. உள்ள இருக்குதுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது ஒண்ணுதான் இப்படியா, எல்லாமா?"

"நான் ஒண்ணுதாங்க பிச்சேன். நீங்க வேணும்னா ஒண்ணு பாருங்க. உங்க இஷ்டத்துக்கு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். நடு வயலில் போய் ஒன்றைக் கிள்ளினார். நகத்தால் பிளந்தார். மஞ்சள். இன்னும் நாலு வரிசை தள்ளிப் போய் ஒன்று. மஞ்சள். சின்னப் பிள்ளைக்கு நிலக்கடலை கிடைத்த மாதிரி அடுத்ததற்குக் கை நீட்டினார்.

"ஐயா, போதும்ங்க" என்றாள் அலமேலு. "எல்லாத்தையும் நீங்களே பிச்சுட்டா நான் இன்னாத்த அறுக்கறது?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். வரப்பில் ஏறி, வேட்டியை இறக்கிவிட்டு, "சரி. மாசி பொறக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் என் பழுப்புப் புடவையைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாசி பிறப்பதற்கு முன்னாலேயே பூத்தது. தை முகூர்த்தத்துக்கு அலமேலு மூட்டை கட்டி சின்னசேலத்தில் சேலம் பஸ்ஸில் ஏற்றினாள். மூட்டைக்கு மேலே அவளே உட்கார்ந்துகொண்டு போனதாகக் காவேரி சொன்னாள். நான் பார்க்கவில்லை. மேடம் திரும்பி வந்ததும் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "எத்தனை மொட்டு பிச்சீங்க?" ஒன்று என்றேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு சாமந்தி நாற்று வாங்க யார் வந்தாலும், வயல் பக்கத்தில் ராத்திரி விளக்கு எரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தார். பன்றி விளக்கு, தெரு விளக்கு, செங்கல் சூளை விளக்கு, எதுவானாலும். ரேவதி, நீங்களும் கேளுங்கள். போன் அதைக் கேட்காது.

அலமேலு இன்றைக்கும் அதே நிலத்தில்தான் சாமந்தி வைக்கிறாள். புரட்டாசி முடிந்தால் அவள் வீட்டிலிருந்து ஆள் வரும், பழைய புடவை இருந்தால் கொடுக்கச் சொல்லி. போன வருஷம் அவளே வந்தாள். என் மருமகள் பீரோவிலிருந்து ஒரு நல்ல புடவையை எடுத்து, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தாள். அலமேலு அதை வெளியே எடுத்து மோந்து பார்த்தாள். 

"இது வேணாம், சோப்பு வாடை அடிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யக்கா, நீ கட்டிக்கினு இருக்கறியே, அதக் குடு."

உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். எங்கே கட்டப் போகிறாய் என்று கேட்கவில்லை.